எல்லோருக்கும் மூன்று மொழி தெரிந்த தீவில் எந்த மொழியைப் படிப்பது?

தைப்பூசக் காவடி முடிந்து வீட்டுக்கு வந்து, வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறும்போதுதான் அந்தப் பேச்சு தொடங்கியது. அக்கா மகளுக்கு எச்எஸ்சி முடிவு வந்திருந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொன்னால், இங்கே மொரிசியஸில் அது பிளஸ் டூ மாதிரி, கேம்பிரிட்ஜ் வினாத்தாள். பிரெஞ்சு, தமிழ், பொருளியல் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. மேலே மொழிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எந்த மொழி என்பதில்தான் தகராறு.

ரசம் வருவதற்குள் நான்கு பேர் நான்கு மொழி சொல்லிவிட்டார்கள். அத்தான் சீனம் என்றார், உலகமே அந்தப் பக்கம் போகிறதாம். அக்கா தமிழ் என்றாள், அரசாங்க வேலையை மனதில் வைத்து. கிராண்ட் பேயில் ஓட்டலில் வேலை செய்யும் சித்தப்பா மகன் ஜெர்மன் என்றான். பிள்ளை வாயைத் திறந்து பிரெஞ்சு என்றாள், உடனே எல்லாரும் சிரித்தார்கள். "அதுதான் எல்லாருக்கும் தெரியுமே!"

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் ஆசிரியர், அதனால் தமிழைத்தான் தூக்கிப்பிடிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் பிள்ளை பக்கம் நின்றேன். சாப்பாட்டு இரைச்சலில் காரணம் சொல்ல முடியவில்லை. (அவள் என்னை வீட்டில் 'தொந்தோன்' என்றுதான் கூப்பிடுவாள். தமிழில் எழுதும்போது மட்டும் நான் மாமா ஆகிவிடுகிறேன்.)

மொரிசியஸில் மொழிப் படிப்பின் கணக்கே வேறு. சென்னையில் ஒரு பெண் பிரெஞ்சு படித்தால் அவளிடம் புதிதாக ஒன்று சேர்கிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சு, அதற்கு மேல் தமிழோ இந்தியோ உருதோ மாண்டரினோ பள்ளியில் ஒரு பாடம். நேர்காணலில் போய் "எனக்கு மூன்று மொழி பேசத் தெரியும்" என்றால், வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். கதவைத் திறந்துவிடும் காவலாளிக்கும் தெரியும்.

ஆனால் நாடு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் 49-ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது, உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் அவைத் தலைவரை நோக்கிப் பேசலாம் என்றும் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் சொத்து, திருமணம், வாரிசு எல்லாவற்றுக்கும் அடிப்படையான சிவில் சட்டம் பிரெஞ்சில் இருக்கிறது. நெப்போலியனின் சட்டத் தொகுப்பு 1808-இல் இங்கே வந்தது. 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள், சட்டத்தை மாற்றவில்லை. சாட்சி கிரியோலில் சொல்வார், வழக்கு ஆங்கிலத்தில் போகும், தகராறுக்குக் காரணமான பத்திரம் பிரெஞ்சில் இருக்கும். இந்த மூன்றுக்கும் நடுவே பிழையில்லாமல் எழுதக் கூடியவர் எத்தனை பேர் என்று ஒரு வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணுவார்.

ஆக, இங்கே எந்த மொழியையும் எடைபோட நான் கேட்பது இவ்வளவுதான்: பேசுவதைத் தாண்டி அதில் எழுதவும் கையெழுத்துப் போடவும் வேண்டிய வேலை தீவில் இருக்கிறதா? அந்த அளவுக்கு ஏற எத்தனை வருடம் ஆகும்? அந்த வேலைக்கு ஏற்கெனவே எத்தனை பேர் நிற்கிறார்கள்?

பணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2019 ஜனவரி முதல் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பஸ் கட்டணமும் மாணவர்களுக்கு இலவசம். போவது மூன்று வருடம், அதுதான் முதலீடு.

தமிழில் தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் 1970-இல் ஏற்படுத்தப்பட்டது. மொரிசியஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே தமிழில் பட்டம் வாங்கலாம். 1989-இல் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது மோக்காவில்தான். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வேட்டி கட்டிய பேராசிரியர்கள் பேசியது ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன். படித்தேன், முதல் வகுப்பும் வாங்கினேன். அதன் பிறகு வேலைக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த மூன்று வருடமும் ஒரு துணி ஆலையின் அலுவலகத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதித்தான் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு நாள் நியமனக் கடிதம் வந்தது, அதுவும் வேறொருவர் ஓய்வு பெற்றதால்.

தமிழ்ப் பட்டத்துக்கு இங்கே பெரிய வாசல் ஒன்றுதான்: பள்ளி. தொடக்கப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, பாடநூல் எழுதுதல், கடைசியாக மோக்காவிலேயே விரிவுரையாளர். அதைத் தாண்டினால் வானொலி, தொலைக்காட்சியில் தமிழ் நிகழ்ச்சிகள் உண்டு, ஆனால் அங்கே நாற்காலிகளே சில. சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகும் குடும்பங்களோடு துணைக்குப் போய்ப் பேச்சு மாற்றித் தருவது அவ்வப்போது கிடைக்கும் வேலை. மாதச் சம்பளம் என்று அதைச் சொல்ல முடியாது.

பள்ளி வேலையின் எதிர்காலம் எத்தனை குழந்தைகள் வகுப்பில் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2000-ஆம் ஆண்டில் சுமார் 20 ஆயிரம் குழந்தைகள் பிறந்த நாடு இது. இப்போது 13 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தமிழ் விருப்பப் பாடம் வேறு. பிள்ளைகள் குறையக் குறைய, ஓய்வு பெறுபவரின் இடத்தை நிரப்பாமலே விட்டுவிடும் ஆபத்து உண்டு. என் வகுப்பறையிலேயே பார்க்கிறேன்: நான் சேர்ந்தபோது இரண்டு பிரிவு, இப்போது ஒன்று.

இதையெல்லாம் சொல்வதால் தமிழ் மேல் எனக்குப் பற்றில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் வந்த புது நோட்டில் தமிழைப் பின்னால் தள்ளி இந்தியை முன்னால் போட்டபோது தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். அவ்வளவு உணர்ச்சி உண்டு. நோட்டில் உள்ள இடம் வேலை விளம்பரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் உண்மையில் அயல்மொழிதான். பாட்டி காலத்தோடு வீட்டுப் பேச்சு கிரியோலுக்குப் போய்விட்டது. நான் இந்திய அரசின் உதவித்தொகையில் சென்னைக்கு ஒரு வருடம் போனேன். முதல் நாள் ஆட்டோக்காரரிடம் "ஐயா, கட்டணம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார் எந்த டிவில நியூஸ் வாசிக்கறீங்க?" என்றார். அந்த ஒரு வருடத்தில்தான் தமிழ் என் வாயில் உட்கார்ந்தது. தமிழ்ப் பட்டம்தான் என்று முடிவெடுக்கும் பிள்ளை, அதில் ஒரு பகுதியையாவது தமிழ்நாட்டில் கழிக்க வேண்டும் என்பது என் கறாரான கருத்து. அப்படி இல்லாமல் வாங்கும் பட்டம் பாடப்புத்தகத் தமிழோடு நின்றுவிடும்.

அத்தானின் சீனத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை.

சீனா இந்தத் தீவைச் சும்மா பார்க்கவில்லை. வெளிநாடுகளில் அது திறந்த பண்பாட்டு மையங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று 1988-இல் இங்கே பெல் வில்லேஜில் தொடங்கியது. 2016-இல் மொரிசியஸ் பல்கலைக்கழகத்தில் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிலையம் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் இரு நாட்டுக்கும் இடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடு ஒன்றோடு சீனா போட்ட முதல் ஒப்பந்தம் அது. இங்கேயுள்ள சீன வம்சாவளியினரும் நம்மைப் போலத்தான், பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். மாண்டரினில் எழுதக் கூடியவர் குறைவு. அதனால் போட்டி குறைவு என்று அத்தான் சொல்வது சரி.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். சீனச் சுற்றுலாப் பயணிகள் 2015-இல் 90 ஆயிரத்தை நெருங்கினார்கள். அப்போது போர்ட் லூயி கடைவீதியில் சீன எழுத்தில் பலகை போடாத கடையே இல்லை என்று தோன்றும். 2019-க்குள் அந்த எண்ணிக்கை பாதியாகிவிட்டது, அதுவும் கொரோனா வருவதற்கு முன்பே. அந்த அலையை நம்பிச் சீனம் படித்த சில பேர் இன்று வேறு வேலையில் இருக்கிறார்கள். இங்கே கட்டடம் கட்ட வரும் சீன நிறுவனங்களோ பெரும்பாலும் சொந்த மொழிபெயர்ப்பாளரைக் கூடவே கூட்டிவருகின்றன. பெய்ஜிங்கில் பிரெஞ்சு படித்த இளைஞர்கள் நம்மைவிட இலக்கணமாகப் பிரெஞ்சு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் பள்ளி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வேலைக்கு ஏற்ற அளவு தேர்ச்சி பெறப் பிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம், ஜெர்மனுக்கு 36, தமிழுக்கு 44, சீனத்துக்கு 88. அதுவும் முழுநேர வகுப்பு. நம் பிள்ளைக்குப் பிரெஞ்சில் பாதி வழி பிறவியிலேயே கடந்தாயிற்று. சீனத்தில் முதல் படியில்தான் நிற்பாள். எச்எஸ்கே என்கிற சீன மொழித் தேர்வின் பழைய முறையில் நான்காம் நிலைக்கு 1,200 சொல், ஐந்தாம் நிலைக்கு 2,500 சொல். அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுத ஐந்துகூடப் போதாது.

அதனால் சீனம் என்றால் சீனாவுக்கே போக வேண்டும். அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் வழக்கமாக முதல் வருடம் மொழி, அப்புறம் பட்டப் படிப்பையே சீன மொழியில் படிக்கிறார்கள். என்னிடம் தமிழ் படித்த ஒரு பையன் அப்படிப் போய்ச் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படித்துவிட்டு வந்தான். இன்று துறைமுகத்தில் சரக்கு இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நல்ல நிலையில் இருக்கிறான். அவனுக்குச் சம்பளம் தருவது சீன மொழிக்கு மட்டுமா? சரக்குச் சீட்டு, காப்பீடு, சுங்கம் எல்லாம் சீனத்தில் தெரிந்ததற்கு. மாலை வகுப்புக்குப் போய்ச் சீனம் படித்துவிட்டு வேலை தேடுவது என்றால், பெல் வில்லேஜுக்குப் போகும் நேரத்தில் வேறு ஏதாவது செய்யலாம் என்பேன். என் அக்கா மகள் வீட்டை விட்டு ஐந்து வருடம் இருக்கக் கூடியவளா? பத்து நாள் பள்ளிச் சுற்றுலாவுக்கு ரொட்ரிக் தீவுக்குப் போனவள் நான்காம் நாளே அழுதுகொண்டு போன் செய்தாள். இதை அத்தானும் மறக்கவில்லை, பேசாமல் இருந்தார்.

ஜெர்மனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019-இல் இந்தத் தீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் சுமார் 13.8 லட்சம். முதலிடம் பிரான்ஸ். ஜெர்மானியரும் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஓட்டல் வரவேற்பு, விருந்தினர் கவனிப்பு, சுற்றுலா வழிகாட்டி என்று ஜெர்மன் தெரிந்தவருக்கு இடம் உண்டு. ஆனால் சித்தப்பா மகனே ஒத்துக்கொண்டான்: ஓட்டலில் ஜெர்மன் கூடுதல் தகுதி, அடிப்படைத் தகுதி ஓட்டல் வேலை. அதற்கு மூன்று வருடப் பட்டம் தேவையில்லை, சுற்றுலாப் படிப்போடு சேர்த்து, ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவில் பி1, பி2 நிலை வரை போனால் போதும். ஜெர்மனிக்கே போய்த் தாதியர் பயிற்சியில் சேர நினைப்பவர்களுக்குக் கதை வேறு. 2020 மார்ச்சில் அங்கே வெளிநாட்டுத் திறனாளர்களுக்கான சட்டம் தளர்ந்தது, பயிற்சிக்குப் பொதுவாகப் பி1 அல்லது பி2 கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு ரத்தம் பார்த்தாலே மயக்கம் வரும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

போர்த்துக்கீசியத்தை இங்கே யாரும் நினைப்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். மொசாம்பிக் கடலுக்கு அந்தப் பக்கம்தான். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தின் அலுவல் மொழிகளில் போர்த்துக்கீசியமும் ஒன்று. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் கைவரும். முதல் மொழியாக எடுக்கச் சொல்லவில்லை, ஆனால் இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றால் ஜெர்மனுக்கு முன் இதை யோசிப்பேன்.

சரி, எல்லாரும் சிரித்த பிரெஞ்சு.

பிரெஞ்சுக்கு இங்கே உள்ள வாசல்களில் சத்தமானது கால்சென்டர்கள் நிறைந்த எபென். ரோஸ்ஹில்லில் மாறி மெட்ரோ ஏறினால் முதலில் எபென், அப்புறம் ரெட்வி. அதாவது கால்சென்டர்களும் பல்கலைக்கழகமும் ஒரே பாதையில். பிரான்சோடு நமக்கு நேர வித்தியாசம் அங்கே கோடையில் இரண்டு மணி, அங்கே குளிர்காலத்தில் மூன்று மணிதான். அதனால் இந்தியாவில் அமெரிக்காவுக்காக வேலை செய்பவர்களைப் போல இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம். பட்டம்கூட வேண்டாம், கிரியோல் சாயல் இல்லாமல் பேசினால் எடுத்துக்கொள்கிறார்கள். பேசுவதற்கே சம்பளம் தரும் ஒரே இடம் என்று சொல்லலாம். ஆனால் ஐந்து வருடம் கழித்தும் அதே நாற்காலியில் அதே ஹெட்போனோடு இருப்பவர்களை எனக்குத் தெரியும். மடகாஸ்கர் இதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்கிறது, இப்போது எழுதிப் பதில் சொல்லும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பட்டம் வாங்கிவிட்டு இதற்குப் போவதானால், அந்த மூன்று வருடம் வீண்.

சத்தமில்லாத வாசல்கள்தான் என் மனதில் இருப்பவை. நோத்தேர் அலுவலகங்கள் — பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் சட்ட அலுவலர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம் — வீடு, நிலம் விற்கும் ஆவணத்தைப் பிரெஞ்சில் எழுதுகின்றன. எபெனில் உள்ள நிதி நிறுவனங்கள் பல, ஐவரி கோஸ்ட், செனகல், மடகாஸ்கர் போன்ற பிரெஞ்சு பேசும் நாடுகளில் முதலீடு செய்யும் கம்பெனிகளை நடத்துகின்றன. அந்த நாடுகளில் பலவற்றின் வணிகச் சட்டத்தை ஒன்றாக்கும் ஒஹாதா உடன்படிக்கை 1993 அக்டோபரில் கையெழுத்தானது எங்கே தெரியுமா? போர்ட் லூயியில். இன்று அதில் 17 நாடுகள். அந்தச் சட்டம் பிரெஞ்சில் யோசிக்கப்பட்டது. அதைப் படித்து, லண்டனில் இருக்கும் முதலீட்டாளருக்குப் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதித் தரும் ஆள் தேவைப்படுகிறார். இரண்டு மொழிக்கும் நடுவே பிறந்த மொரிசியஸ்காரரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? ஆனால் பிறந்ததால் மட்டும் வந்துவிடாது.

இந்தியப் பெருங்கடல் ஆணையத்தின் தலைமைச் செயலகம் எபெனில் இருக்கிறது. கொமோரோஸ், மடகாஸ்கர், சீஷெல்ஸ், மொரிசியஸ், ரீயூனியனுக்காகப் பிரான்ஸ் என்று அதன் வேலை பிரெஞ்சில் நடக்கிறது. அதே எபெனில் இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் கூட்டமைப்பின் செயலகம், அது ஆங்கிலத்தில். பத்திரிகைகள் இருக்கின்றன: 1908-இல் தொடங்கிய லெ மொரிசியென், 1963-இல் தொடங்கிய லெக்ஸ்பிரஸ், இரண்டும் முக்கியமாகப் பிரெஞ்சுதான். பிறகு பள்ளிகள். தமிழ் விருப்பப் பாடம், பிரெஞ்சு எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம். ஆசிரியர் வேலை என்று அக்கா ஆசைப்பட்டாலும் எண்ணிக்கையில் பிரெஞ்சு முன்னால் நிற்கிறது. (இதைச் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையில் 'துரோகி' என்று எழுதியிருந்தது.)

மாநாட்டு மொழிபெயர்ப்பாளர் ஆகவேண்டும் என்பது பிள்ளையின் கனவு. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து காதில் கேட்பதை உடனே வேறு மொழியில் சொல்வது. பாரிஸில் இதற்காகவே 1957 முதல் எசித் என்ற பள்ளி இருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் ஆறு அலுவல் மொழிகள், ஐ.நா.விலும் ஆறு. வேலை இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு முள் இருக்கிறது. அந்தத் தொழிலில் உங்கள் மொழிகளை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ என்பது தாய்மொழி அல்லது அதற்கு நிகரானது, பெரும்பாலும் அதில்தான் பேச வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளையின் ஏ மொழி எது? தாய்மொழி கிரியோல், அதை எந்த மாநாட்டுக் கூண்டிலும் கேட்க மாட்டார்கள். பிரெஞ்சு முக்கால், ஆங்கிலம் முக்கால், தமிழ் அரை. மூன்று மொழியில் சரளம் என்று நாம் பெருமைப்படுவதன் மறுபக்கம் இது. ஒன்றில்கூட அடிவரை போகாமல் இருப்பது. பிரெஞ்சை முழுமையாக்க மூன்று வருடம் கொடுப்பது வீண் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அவள் படிக்கப் போவது ஏற்கெனவே தெரிந்த மொழியை அல்ல. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மொழியை.

ரீயூனியனுக்கோ பிரான்சுக்கோ போய்ப் படிக்கலாமா என்று அக்கா கேட்டாள். ரீயூனியன் விமானத்தில் முக்கால் மணி நேரம், செந்தனியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரான்ஸில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இளங்கலைக் கட்டணத்தை 2019-இல் ஆண்டுக்கு 2,770 யூரோ என்று உயர்த்தினார்கள். பல பல்கலைக்கழகங்கள் விலக்குத் தருகின்றன, இடத்துக்கு இடம் கேட்டுக்கொள்ள வேண்டும். என் யோசனை: முதல் பட்டத்தை இங்கே இலவசமாக முடிக்கட்டும், முதுகலைக்குப் போகட்டும். இடையில் பிரெஞ்சுத் தேர்ச்சிக்கான தால்ஃப் தேர்வின் சி1, முடிந்தால் சி2. ஒரு முறை தேறினால் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

இயந்திரம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுமே என்று சித்தப்பா மகன் போனைக் காட்டினான். நியாயமான கேள்வி. ஓட்டல் உணவுப் பட்டியல், துண்டறிக்கை, சாதாரணக் கடிதம் எல்லாம் போய்விட்டன, திரும்பி வராது. நானே இப்போது பள்ளிச் சுற்றறிக்கையை இயந்திரத்தில் போட்டுத்தான் திருத்துகிறேன். ஆனால் பிழையானால் யார் பொறுப்பு என்று கேட்கும் இடங்களில் ஒரு மனிதர் கடைசியாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம், வாக்குமூலம், மருத்துவ அறிக்கை. இயந்திரம் செய்ததில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க, அதைவிட நன்றாக மொழி தெரிந்திருக்க வேண்டும். மேலோட்டமாகத் தெரிந்தவருக்கு இந்தக் காலம் கெட்ட காலம்தான்.

ஆக என் பரிந்துரை இப்படி. பட்டம் பிரெஞ்சில். பொருளியல் நன்றாக வருகிறது, அதை விடக் கூடாது. விருப்பப் பாடமாகச் சட்டம், நிதி எது கிடைத்தாலும் எடுக்க வேண்டும். தமிழை எச்எஸ்சியோடு நிறுத்தாமல், வாரம் ஒரு மாலை என்னோடு. பட்டத்துக்காக அல்ல. சீனம் வேண்டும் என்று தோன்றினால் இருபத்திரண்டு வயதில் முடிவெடுக்கலாம், அப்போதும் உதவித்தொகை இருக்கும். ஒருவேளை தமிழில்தான் உயிர் என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன், எனக்கும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் அம்மாதான் சொன்னாள்.

அத்தானுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "பிரெஞ்சு எல்லாருக்கும் தெரியும்" என்று மறுபடி ஆரம்பித்தார். அதனால் ஒரு வேலை செய்தேன். அப்பா இறந்தபின் நாங்கள் வீட்டைப் பெயர் மாற்றியபோது எழுதிய பத்திரம் அலமாரியில் இருந்தது, ஒன்பது பக்கம் பிரெஞ்சு. அத்தான், அக்கா, நான் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதைப் பிள்ளையிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் எழுது, பாட்டிக்குக் கிரியோலில் சொல், ஒரு வாரம் தருகிறேன் என்றேன்.

புதன்கிழமை இரவே போன் வந்தது. "தொந்தோன், ஐந்தாம் பக்கத்தில் யுசூஃப்ருயி என்று இருக்கிறதே, அப்படியென்றால் பாட்டி உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் இருக்கலாம், வாடகைக்கும் விடலாம், வாடகை பாட்டிக்குத்தான். ஆனால் தனியாக விற்க முடியாது. உங்களாலும் பாட்டியைப் போகச் சொல்ல முடியாது. சரிதானே?"

சரிதான் என்றேன்.

"அப்படியானால் பின்வீட்டு வாடகையை ஏன் அப்பா வாங்குகிறார்?"

பின்னால் அத்தான் இருமும் சத்தம் கேட்டது.